புங்கனள்ளியில் நாய் குரைக்காத கோடை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது துடைப்பத்தின் சத்தம்தான்.

அன்று காரிமங்கலத்தில் சந்தை. சந்தை நாளில் புங்கனள்ளி நிறுத்தத்தில் கூடையும் கோழியுமாக ஒரு கூட்டம் நிற்கும். பஸ் நிற்பதற்கு முன்பே யார் முதலில் ஏறுவது என்று சண்டை தொடங்கிவிடும். லீவு முடிந்து நான் திரும்பி வந்த அந்தக் காலையில் ஒருவரும் இல்லை. கண்டக்டர்கூட விசில் ஊதாமல் கையால் கதவைத் தட்டினார். பஸ் போய்விட்டது.

டீக்கடை மாதையன் மட்டும் கடைக்கு முன்னால் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கியது கண்ணாடித் தூள். கடையில் இருந்த அத்தனை கிளாஸும் உப்பைக் கொட்டியதுபோல வெயிலில் மின்னின. பக்கத்தில் அலுமினிய டம்ளர்கள். அவற்றைக் கல்லால் அடித்துத் தட்டையாக்கி, ரோட்டோரமாக வரிசையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி விட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். உடைத்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஒழுங்கைத்தான் நின்று பார்த்தேன்.

சுவரில் செங்காவியில் பெரிய எழுத்து: ‘ரெண்டு டம்ளர் இனி இல்லை.’

“யாருங்க பண்ணது?” என்றேன்.

“தெரியலீங்க நர்சம்மா.” மாதையன் தலையைத் தூக்கவில்லை. “நீங்க பாத்துப் போங்க. கண்ணாடி கெடக்குது.”

தெருவில் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஆள் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. எல்லோரும் நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில் நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். போன வாரம் வத்தல்மலைக்கு மருந்துப் பெட்டியோடு ஏறிய கதையை எழுதியபோதே இந்த ஊர் கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைத் தாண்டி மேலே எழுத முடியவில்லை.

கை நின்ற இடம்

அந்தக் கடையில் நான் குடித்த முதல் டீயைச் சொல்ல வேண்டும்.

கிராமச் சுகாதார நர்ஸாக வேலை கிடைத்து, டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நாள். வேர்த்து வழிந்தது. டீ கேட்டேன். மாதையன் முகமெல்லாம் சிரிப்பாக, “கெவருமெண்டு நர்சம்மாங்களா? உக்காருங்க, உக்காருங்க” என்று பெஞ்சைத் துடைத்தார். டீயை ஆற்றினார். ஊற்றப்போகும் நேரத்தில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

உள்ளே மேசைமேல் கண்ணாடி கிளாஸ்கள். வெளியே கூரைக் கம்பத்தில் ஆணி அடித்து மாட்டிய அலுமினிய டம்ளர்கள். கிளாஸ் ஊர்க்காரர்களுக்கு. டம்ளர் காலனிக்காரர்களுக்கு. காலனிக்காரர்கள் தாங்களே எடுத்து, வெளியில் நின்று குடித்து, தாங்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாதையனின் கண் என் கழுத்துச் சிலுவையில் இருந்தது.

“வேதக்காரங்களா?”

“ஆமாங்க.”

“அப்பாரு என்னா பண்றாரு?”

“விவசாயம்.”

“சொந்தக் காடுங்களா?”

“சொந்தக் காடுதான்.”

கை கண்ணாடி கிளாஸுக்குப் போனது. இஞ்சி தட்டிப் போட்ட நல்ல டீ.

சிலுவை மட்டும் அவருக்குப் போதவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊர்க் கோவிலிலும் பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு தெருக்காரர்கள், இடப்பக்கம் இன்னொரு தெருக்காரர்கள். நற்கருணை வாங்க எழும்போதும் ஒரு பக்கம் முடிந்துதான் மறுபக்கம். கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவுக்கு ஒரு மண் சுவர் ஓடும். சின்ன வயதில் அது எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். “ஆடு தாண்டாம இருக்க” என்றார். ஆடு இரண்டு பக்கமும் மேய்ந்துகொண்டுதான் இருந்தது.

புங்கனள்ளியில் என் துணைச் சுகாதார நிலையம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு தரிசில் இருந்தது. முன்னால் ஒரு ரூம், பின்னால் நான் தங்க ஒரு ரூம். ஊரில் கட்டினால் காலனிக்காரர்கள் வருவார்கள் என்று ஊர் ஒப்பவில்லை. காலனியில் கட்டினால் ஊர் வராது. அதனால் நடுவில். இரண்டு பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். ஒரே நேரத்தில் வந்ததில்லை.

ஸீட்டை விட்டு எழுந்தவன்

வேடியப்பனையும் மாதேஷையும் நான் முதலில் பார்த்தது பஸ்ஸில்.

இருவரும் தர்மபுரியில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஃபிட்டர். வேடி காலனி. மாதேஷ் ஊர்ப் பெரியதனக்காரர் முனுசாமியின் ஒரே மகன். ஊரில் யார் வீட்டுப் பஞ்சாயத்தும் முனுசாமி சொல்லாமல் முடியாது. பஸ்ஸில் மட்டும் இந்த இரண்டு பையன்களும் ஒரே ஸீட்டில் உட்கார்ந்து, ஒரு கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு, ஓசூரில் புதிதாக வரும் கம்பெனிகளைப் பற்றிப் பேசுவார்கள். ரூம் எடுத்தால் யார் சமைப்பது என்பதுவரை பேச்சு போகும்.

புங்கனள்ளி எல்லையில் ரோட்டின் மேல் கவிந்த ஒரு பெரிய புளியமரம் உண்டு. அதன் நிழல் பஸ்ஸுக்குள் விழும்போது வேடி எழுந்துவிடுவான். பேச்சின் நடுவில், ஒரு வார்த்தை பாதியில் இருக்கும்போதுகூட எழுந்து, பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மாதேஷ் அதைக் கவனிக்காதவன்போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். யாரும் எதுவும் சொல்வதில்லை. இறங்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்.

வேடிக்குச் சீக்கிரமே கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி பச்சையம்மா. டம்ளர் உடைந்த அந்தக் கோடையில் அவள் கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை வாங்க வேடி அன்று மத்தியானமே வந்தான்.

“யாரு வேடி ஒடச்சது?”

“எங்க ஆளுங்க இல்ல சிஸ்டர்.” அவன் மட்டும்தான் என்னை சிஸ்டர் என்பான். “இயக்கம்னு சொல்லிக்கிட்டு வெளியூர்க்காரங்க கொஞ்ச நாளா காலனிக்கு வந்து பேசிட்டுப் போனாங்க. வேணாம்னு நானே சொன்னேன். அவங்க வந்தாங்க, ஒடச்சாங்க, போயிட்டாங்க. நாங்க இங்கதான இருக்கணும்?”

“அவங்க சொன்னது தப்பா?”

மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“தப்புன்னு எப்படி சொல்லுவேன்?” என்றான்.

அந்த ஆள்

மாதையன் புது கிளாஸ் வாங்கவில்லை. கடையை மூடிவிட்டார். எல்லோருக்கும் ஒரே கிளாஸில் டீ கொடுப்பதைவிட, யாருக்கும் டீ இல்லை என்பது ஊருக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு, யாரும் பார்க்காத ஒருவன் ஊருக்குள் நடமாட ஆரம்பித்தான்.

டம்ளரை உடைத்த இயக்கத்துக்காரனை ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்வார்கள். கம்பளி போர்த்திய நெட்டை ஆள் என்றார் ஒருவர். இல்லை, குள்ளம், மூக்குக் கண்ணாடி போட்டவன் என்றார் இன்னொருவர். டாக்டருக்குப் படித்துப் பாதியில் விட்டவன், கன்னடம் பேசுகிறான், மதியத்தில் சோளக்காட்டுக்குள் நிற்கிறான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஊசி போட வரும் பெண்கள் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பார்கள்: “நர்சம்மா, நீங்க எல்லாப் பக்கமும் போறீங்களே, பாத்தீங்களா?”

ஊரில் சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம், “அந்த ஆளு வந்துடுவான்” என்றார்கள். அதே வாரம் காலனியில் ஒரு தாய் தன் பிள்ளையிடம் அதையே சொல்லிக் களி ஊட்டியதையும் கேட்டேன்.

கண்ணுக்குத் தெரியாதவனைப் பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்தவன் வேடி. படித்தவன், சட்டையை உள்ளே விட்டுக்கொள்பவன், ஊருக்குள் செருப்பைக் கையில் எடுக்க மறந்துவிடுபவன். இவன்தான் அவர்களைக் கூட்டி வந்தான் என்று பெரியதனக்காரர் போலீசிடம் சொன்னார். ஜீப் வந்தது. வேடியை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மாதேஷ் தன் வீட்டு வாசலில் நின்று ஜீப் போன தூசியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பச்சையம்மா சொன்னாள்.

வேடி திரும்பி வந்தபோது அவனுடைய அம்மா காளியம்மாவும் பச்சையம்மாவும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்காலைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அவன் கூரையில் ஓடிய பல்லியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தான்.

“வலிக்குதா வேடி?”

“பரிட்சை போயிடுச்சு சிஸ்டர்” என்றான். “நேத்துதான் கடைசிப் பரிட்சை.”

கால் ஆறியதும் ஒருநாள் அவன் வீட்டில் இல்லை. ஊர் தேடியது அந்த ஆளை. தேடித் தேடி அப்படி ஒருவனைத் தானே செய்து இயக்கத்துக்கு அனுப்பிவிட்டது.

ஒரே வாக்கியம்

பிறகு சுவர்களில் எழுத்து வர ஆரம்பித்தது. பம்புசெட் சுவர், பள்ளிக்கூடச் சுவர், கடைசியில் பெரியதனக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகைச் சுவர். அங்கே அவருடைய பெயர் மட்டும். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஊரில் இளவட்டங்கள் காவல் கூட்டம் அமைத்தார்கள். மாதேஷ் தலைவன். காலனியிலிருந்து ரோட்டுக்கு வரும் பாதையில் வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். காலனிக்காரர்கள் ஏரிக்கரையைச் சுற்றித்தான் வெளியே போக வேண்டும். கூலி வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை. கடலைக்காடு களை மண்டிக் கிடந்தது.

ஒரு காலை ஊர் நாய்கள் அத்தனையும் தெருவில் செத்துக் கிடந்தன. நடந்துகொண்டே இருந்து அப்படியே படுத்ததுபோல, ஒரே திசையில் தலை வைத்து. விஷம். சில நாள் கழித்துக் காலனி நாய்கள். ஊர் நாய்களைக் கொன்றது இயக்கம் என்று ஊர் சொன்னது. காலனி நாய்களைக் கொன்றது ஊர் என்று காலனி சொன்னது. அதற்குப் பிறகு புங்கனள்ளியில் நாய் குரைக்கவில்லை. ஒரு ஊரில் நாயின் குரல் எவ்வளவு பெரிய துணை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பட்டப்பகலில் ரோட்டில் நடக்கும்போது என் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்பேன்.

மாதேஷ் ஒருநாள் காலில் முள் ஏறி, சீழ் வைத்து வந்தான். அடைப்பு போடும்போது ஏறியது. கீறிச் சுத்தம் செய்தேன்.

“பச்சையம்மாவுக்கு மாசம் ஏறிட்டே போவுது மாதேஷ். அந்தப் பாதைய மட்டும் தொறந்து விடுங்களேன்.”

அவன் சிரித்தான். பஸ்ஸில் கடலை உரித்த பையனின் சிரிப்பு இல்லை அது.

“அவனுங்களுக்கு ஒரே ஒரு பாஷைதான் புரியும் நர்சம்மா.” கொஞ்சம் நிறுத்தினான். “பயம்.”

“அவங்க இன்னும் எழுதுவாங்க.”

“எழுதட்டும். எழுத எழுதத்தான் ஊரு ஒண்ணு சேருது. மின்னே எங்கப்பா கூட்டம் போட்டா நாலு பேரு வருவாங்க. இப்ப பாருங்க.”

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, மலையடிவாரத்துக் குடிசைகளுக்குத் தடுப்பூசி போட நடந்து போனேன். நடு மத்தியானம். பாறை அனல் வீசியது. ஒரு வளைவில், பாறைமேல் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கம்பளி போர்த்திய ஆள். அந்த வெயிலில் கம்பளி. ஒரு எட்டு பின்னால் வைத்தேன். ஊர் சொன்ன எல்லா அடையாளமும் நினைவுக்கு வந்தன.

“பயப்படாதீங்க சிஸ்டர்.”

வேடி. மெலிந்து, தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தான்.

“பச்சி எப்படி இருக்கா?”

“மாசம் நெருங்குது. நீ வந்துடு வேடி. போலீசுல நான் பேசறேன், எங்க சாமியார வச்சுப் பேசறேன். இப்படியே போனா யாருக்கு என்ன கெடைக்கும்?”

“அவனுங்களுக்கு ஒரே ஒரு பாஷைதான் புரியும் சிஸ்டர்.” கொஞ்சம் நிறுத்தினான். “பயம்.”

மாதேஷ் சொன்ன அதே வாக்கியம். வார்த்தை மாறவில்லை. அந்த நிறுத்தம்கூட மாறவில்லை. ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பாடத்தை நடத்திய வாத்தியார் யார் என்று தெரியவில்லை.

“முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருக்காங்க. புள்ளைங்க தண்ணிக்குக்கூடச் சுத்திப் போவுதுங்க” என்றேன்.

“அடைக்கட்டும். அடைக்க அடைக்கத்தான் எங்க ஆளுங்க முழிப்பாங்கன்னு தோழர் சொல்றாரு. மின்னே நாங்க பேசப் போனா கதவ சாத்துவாங்க. இப்ப சோறு குடுக்கறாங்க.”

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல என்னைப் பார்த்தான். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டான். நான் அவனை மறுபடி பார்க்கவில்லை.

மழை மாதிரி ஒரு சத்தம்

பெரியதனக்காரர் முனுசாமியை விடியற்காலையில் அவருடைய பம்புசெட்டில் வெட்டிப் போட்டிருந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. வயலில் தண்ணீர் பாய்ந்து நிறைந்து, வரப்பு தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தார்கள். வேடி அங்கே இருந்தானா என்று எனக்குத் தெரியாது. இருந்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

காலனி அன்று காலையே காலியானது. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு, குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, ஏரிக்கரை வழியாகப் பாறைகளுக்குப் போய்விட்டார்கள். பச்சையம்மாவால் நடக்க முடியவில்லை. காளியம்மா அவளை என்னிடம் கொண்டுவந்தபோது வலி தொடங்கியிருந்தது.

கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். ஜன்னலில் ஒரு பலகை உடைந்து, விரல் அகலத்துக்கு வெளிச்சம் வரும். ரப்பர் ஷீட்டை விரித்து, நூலையும் பிளேடையும் கொதிக்க வைத்தேன். டெட்டால் வாசனை ரூமை நிறைத்தது.

மத்தியானத்துக்கு மேல் மழை பெய்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. சடசடவென்று, சீராக. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். காலனியின் கரும்புச் சோகைக் கூரைகள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் ஆட்கள் இங்கும் அங்கும் நடந்தார்கள். கத்தல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. களத்தில் வேலை செய்பவர்கள்போல ஒரு கூரையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

பச்சையம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அவ்வளவு வலியிலும் ஒரு முனகல் வெளியே வரவில்லை.

பிறகு காலடிச் சத்தம். கதவுக்கு வெளியே வந்து நின்றது.

“உள்ள யாரு நர்சம்மா?” மாதேஷின் குரல்.

கதவைத் திறந்து, வெளியே வந்து, எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டு நின்றேன். அவன் தலையை மொட்டை அடித்திருந்தான். போலீஸுக்குக்கூடக் காத்திராமல் அப்பாவை எரித்துவிட்டு, சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு நேராக வந்திருக்கிறான். மொட்டைத் தலையில் சாம்பல் துகள் ஒட்டியிருந்தது. அது அவன் அப்பாவின் சிதையிலிருந்து வந்ததா, காலனிக் கூரையிலிருந்து வந்ததா என்று யோசித்தேன். அந்த நேரத்தில் போய் எனக்கு அந்த யோசனை.

“பிரசவம். வலியில இருக்கா.”

“யாரு?”

கதவின் குறுக்கே கையை வைத்தேன். யாரென்று சொல்லத் தேவை இல்லை.

அவனுக்குப் பின்னால் ஆண்கள் விலகினார்கள். அவனுடைய அம்மா ருக்குமணி வந்தார். புருஷனை எடுத்த அன்று பெண் வாசலைத் தாண்டக் கூடாது. அவர் தாண்டி வந்திருந்தார். ஒரு அழுகை இல்லை. வாசலில் கிடந்த துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

“பொறக்கட்டும்” என்றார். “என்னா புள்ளன்னு எங்கிட்ட சொல்லு. பொட்டப்புள்ளன்னா எடுத்துக்கிட்டு எங்கனா போவட்டும்.”

மறுபாதியைச் சொல்லாமல் நிறுத்தினார். பிறகு சொன்னார். “ஆம்பளப்புள்ள வளந்தா எம்புள்ளையத் தேடி வரும்.”

“அம்மா, அது பச்சக் கொழந்தைங்க” என்றேன்.

“எம்புருசனும் பச்சக் கொழந்தையாத்தான் பொறந்தாரு.”

உள்ளே போனேன். வெளியே அத்தனை பேர் நின்றும் ஒரு இருமல் கேட்கவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். நான் எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். வெளியே புருஷனும் உறவும் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரிதான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

குழந்தை வெளியே வந்து, ஒரு கணம் அசையாமல் கிடந்து, பிறகு பெருங்குரலில் அழுதது. நான் பார்த்தேன். காளியம்மா பார்த்தாள். ஆண்.

பச்சையம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “என்னா புள்ள?” என்று கேட்கவில்லை. எங்கள் முகத்திலேயே தெரிந்துகொண்டாள்.

“பொட்டப்புள்ள” என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. “பச்சி, பொட்டப்புள்ள பொறந்திருக்கு.”

துணியில் இறுகச் சுற்றி, முகம் மட்டும் தெரிய ஏந்திக்கொண்டு கதவைத் திறந்தேன். ருக்குமணி எழுந்து வந்தார். குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சு என் கையில் பட்டது.

“துணிய எடு” என்றார்.

“காத்து படக்கூடாதுங்க.”

“எடு. பாக்கணும்.” கையை நீட்டினார். விரல் துணியின் ஓரத்தில் பட்டது.

“அம்மா! தொடாத!”

மாதேஷ். ரூமின் பக்கவாட்டிலிருந்து வேகமாக வந்தான். “காலனிப் புள்ள அது. அதும் பெத்த தீட்டு. அப்பா போன அன்னிக்கு அதத் தொட்டுட்டு நம்ம வூட்டுக்குள்ள வருவியா? கைய எடு.”

ருக்குமணியின் கை சுட்டதுபோலப் பின்னால் போனது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கைக்குப் பழகிய அசைவு. துணியில் பட்ட விரல்களைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்று அவன் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினான். கூட்டமும் திரும்பியது. அப்பா செத்த நாளில்கூட இவனுக்குத் தீட்டுதான் பெரிதா என்று, பயத்துக்கு நடுவிலும் அவன்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. தாயையும் குழந்தையையும் காளியம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரிகள் வேறொரு மாவட்டத்தில் விடுதி நடத்தினார்கள். அங்கே பச்சையம்மாவுக்கு ஆயா வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

வேடியை மலையடிவாரத்தில் சுட்டுவிட்டதாக அடுத்த மழைக்காலத்தில் பேப்பரில் வந்தது. உடலை யாரும் பார்க்கவில்லை. பச்சையம்மா தாலியைக் கழற்றவும் இல்லை, அழவும் இல்லை. புங்கனள்ளியில் வெகுகாலம் அவனைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோளக்காட்டுக்குள், மத்தியானத்தில், கம்பளி போர்த்தி.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில்

தீ வைத்த வழக்கில் மாதேஷ் உள்ளே போனான். எனக்கு நல்லம்பள்ளிப் பக்கம் மாற்றல் வந்தது. எனக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஒரு மாலை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன்.

“நர்சம்மா.”

மாதேஷ். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அந்த வயதுக்கு அது அதிகம். கையில் கிரீஸ் கறை. ஓசூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொன்னான். அம்மா தவறிவிட்டதாகச் சொன்னான். நானும் அவனும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அது பையன்தானே?” என்றான்.

இத்தனை வருஷம் கழித்தும் என் கண் அவனுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடியது.

“அன்னிக்கு அழுகச் சத்தம் கேட்டதும் நான் சன்னல் பக்கம் வந்துட்டேன். பலக ஒடஞ்சிருந்துச்சுல்ல? பாத்துட்டேன். அப்பறம்தான் நீங்க பொட்டப்புள்ளன்னு சொன்னீங்க.”

“தெரிஞ்சுதான் அம்மாவத் தடுத்தியா?”

ஆமென்று தலையை அசைத்தான்.

“அதுக்காகத் தீட்டுன்னு சொன்னியா?”

“வேற என்னா சொன்னா அவங்க கேப்பாங்க நர்சம்மா? பாவம்னு சொன்னா கேப்பாங்களா? வுட்டுடுன்னு சொன்னா கேப்பாங்களா? அது ஒண்ணுதான் எல்லாருக்கும் புரியும்.”

ஓசூர் பஸ் திரும்பி உள்ளே வந்தது. அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

“நல்லா இருக்கானா?”

“இஸ்கூலுக்குப் போறான். கணக்கு நல்லா வருதாம்.”

அவன் முகத்தில் என்னவோ வந்து, உடனே போய்விட்டது. அவனை அங்கேயே விட்டிருக்கலாம். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

“பாத்தது பாத்தாச்சு. உங்கப்பா செத்த அன்னிக்கு. ஏன் மாதேஷ் அம்மாகிட்ட சொல்லல?”

படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான்.

“சொல்லியிருந்தா நாந்தானுங்களே மகன்?” என்றான். “எங்கையாலதான செய்யச் சொல்லியிருப்பாங்க.”